விறைத்த சொண்டு

உதயரூபனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதை நல்ல குணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பொய் சொல்லத் தெரியாதவன் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடுவான். அது பொய்யைவிடக் கரைச்சல். அன்று பனிச்சங்கேணியில் வல்லிபுரப் பரிகாரியாரின் வளவு நிறையச் சனம் கூடியதற்கும், ஒரு அம்புலன்ஸ் மணலில் டயர் புதைய வந்து நின்றதற்கும், அவன் சொல்லாமல் விட்ட ஒரேயொரு விசயம்தான் காரணம்.

விசயம் இவ்வளவுதான். அவனுடைய மகள் தனுஷாவுக்கு ஏழரை வயது. கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைசிப் பல்லில் ஓட்டை. மூன்று கிழமையாகக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய் வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பல்லு மிஸ் வந்து மூன்று நாள் தங்கிப் பிள்ளைகளின் வாயெல்லாம் பார்த்தார். தனுஷாவின் பல்லை அடைக்க வேண்டும், பெற்றோரின் கையெழுத்து வேண்டும் என்று கடுதாசி கொடுத்துவிட்டார். உதயரூபனின் மனைவி உசாந்தி அதை வாசித்தாள், நாலாக மடித்தாள், அடுப்படிக் கூரையில் செருகினாள்.

“விழப்போற பல்லுக்கு என்னத்துக்கு ஊசி?” என்றாள்.

“அடைச்சா வலி நிக்குமாம் புள்ள.”

“விழுந்தாலும் நிக்கும்.”

“அது எப்ப விழுந்து, எப்ப நிண்டு...”

“நான் சொல்லிட்டன். என்ட புள்ளையைக் கதிரையில போட்டு நாலு பேர் அமத்திப் பிடிக்க நான் விடமாட்டன்.”

நாலு பேர் அமத்திப் பிடிப்பதாகக் கடுதாசியில் ஒன்றும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று உதயரூபன் கேட்டிருக்கலாம். தண்ணீருக்குள் கிடக்கும் வலைக்கயிற்றைத் தொட்டே மாட்டியிருப்பது நண்டா சாதாழைப் பாசியா என்று சொல்லக்கூடியவன், பெண்சாதியின் பேச்சில் என்ன மாட்டியிருக்கிறது என்று ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. கேட்காமலே விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள்தான் மிஸ் நிற்கும் கடைசி நாள். வெள்ளாப்பில் வலை இழுத்து, நண்டுகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் கால்களையும் மடக்கிக் கட்டி, ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். உசாந்தி கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்துக் கூரையிலிருந்த கடுதாசியை உருவினான். மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றினான்.

மிஸ்ஸின் பெயர் ஸில்மியா. ஓட்டமாவடிப் பக்கம். நூலக அறையில் மடக்குக் கதிரையொன்றை விரித்து, தலையில் லைற் கட்டிக்கொண்டு நின்றார். எந்தப் பிள்ளையையும் மகன், மகள் என்றுதான் கூப்பிடுவார். தனுஷா தகப்பனின் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். ஊசி குத்தியபோது ஒரே ஒரு முறை காலை உதைத்தாள். யாரும் யாரையும் அமத்தவில்லை.

“இது பால்பல்லு இல்ல, அண்ணன்,” என்றார் மிஸ், வேலை முடிந்து கையைத் துடைத்தபடி. “ஆறு வயசில கடைசியில முளைக்கிற பல்லு. ஒரு பல்லும் விழாம சத்தமில்லாம வாறதால எல்லாரும் பால்பல்லு என்டு நினைச்சிக்கிறாங்க. இது போனாப் போனதுதான்.”

“ஓம் மிஸ்.”

“ரெண்டு மணித்தியாலத்துக்குத் தின்ன ஒண்டும் குடுக்காதீங்க. இண்டைக்கு முழுக்க இந்தப் பக்கத்தால சப்பக் கூடாது. கடுஞ்சூடா ஒண்டும் வேணாம். இரவைக்குப் பல்லுத் தீட்டிட்டுத்தான் படுக்கணும். இப்ப சொண்டும் நாக்கும் பாதி விறைச்சிரிக்கி. தெரியாம கடிச்சிக்கிட்டு இருப்பா. விறைப்புப் போகும் மட்டும் பக்கத்தில இருந்து பாத்துக்கங்க. விளங்கிச்சா?”

“ஓம் மிஸ்.”

மிஸ் தனுஷாவின் பக்கம் குனிந்தார். “நண்டுக்கால் பல்லால உடைப்பீங்களா மகள்?”

தனுஷா பெருமையோடு தலையாட்டினாள். நண்டு பிடிக்கிற வீட்டுப் பிள்ளை.

“இனிக் கல்லால தட்டித்தான் தின்னணும்.”

பாலத்தடிக்கு நண்டு எடுக்க வரும் வாகனம் நேரத்தோடு வந்துவிட்டதென்று அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. ஐஸ் கரைவதற்குள் நிறுத்துக் கொடுக்க வேண்டும். கச்சான் காற்று வேறு அனல் அனலாக வீசிக்கொண்டிருந்தது. மிஸ் சொன்ன ஐந்து சங்கதிகளில் நாலு அவனுக்கு ஞாபகம் இருந்தன. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளச் சொன்னது மட்டும் அயத்துப் போயிற்று.

வீட்டுக் கடப்படியில் மகளை இறக்கினான்.

“மகள், அம்மாட்ட நான் வந்து சொல்லுறன். அதுவரைக்கும் நீ வாயத் திறக்காத. ஒண்டும் தின்னாத. சரியா?”

தனுஷா சொல்வழி கேட்கிற பிள்ளை. இது நல்ல குணம்தான், ஆனால் அன்றைக்கு அதுவும் கரைச்சலோடு சேர்ந்துகொண்டது. வாயைத் திறக்காதே என்றால் வாயைத் திறக்கவே கூடாது, திறந்தால் மருந்து விழுந்துவிடும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். விறகுக் குவியலில் போய்க் குந்தினாள். கீழ்ச்சொண்டு அவளுடைய உதடு போலவே இல்லை. வேறு யாருடையதையோ கடன் வாங்கி ஒட்டியது போல இருந்தது. கடித்துப் பார்த்தாள். நோகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்தாள். அப்போதும் நோகவில்லை. இப்படி ஒரு விளையாட்டுக் கிடைத்தால் எந்தப் பிள்ளைதான் விடும்? முக்கால் மணி நேரம் அந்த வேலையாகவே இருந்தாள்.

உசாந்தி குசினியில் நண்டு ஆக்கிக்கொண்டிருந்தாள். தேங்காய்ப்பால் கொதித்து வர முருங்கையிலையை உருவிப் போட்டாள். காற்று அடுப்புச் சாம்பலைக் கிளப்பிக் கண்ணில் போட்டது. மகள் நேரத்தோடு வந்ததைப் பார்த்துவிட்டு, “ஏன் விட்டுட்டாங்க?” என்று உள்ளே இருந்தே கேட்டாள். “ம்,” என்று பதில் வந்தது. ஏதோ கூட்டமாக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு ஒரு பெரிய நண்டுக்காலை ஆணத்திலிருந்து எடுத்து ஊதிக்கொண்டே வெளியே வந்தாள்.

“இந்தா, சப்பு.”

தனுஷா தலையை ஆட்டினாள். வேண்டாம்.

இந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை நண்டுக்கால் வேண்டாம் என்றால் தாய்க்காரி முதலில் நெற்றியைத்தான் தொடுவாள். உசாந்தியும் தொடப் போனாள். அப்போதுதான் முகத்தை வெளிச்சத்தில் கண்டாள். கீழ்ச்சொண்டு இடப்பக்கம் வீங்கித் தொங்கியது. அதிலிருந்து எச்சிலும் இரத்தமும் கோடாக வடிந்தன. வீக்கத்தின் நடுவில் இரண்டு பள்ளங்கள், சின்ன இடைவெளி விட்டு, பக்கத்தில் பக்கத்தில். தனுஷாவுக்கு மேல்வரிசையில் புதிதாக இரண்டு பல் முளைத்து இடைவெளி விட்டு நிற்பது உசாந்திக்குத் தெரியாததல்ல. ஆனால் விறகுக் குவியலில் குந்தியிருந்த பிள்ளையின் சொண்டில் இரண்டு பல் பதிந்திருப்பதைக் காணும் தாய்க்கு அந்தப் பல் நினைவுக்கு வராது.

“ஐயோ! என்ட புள்ள!”

வேலிக்கு அப்பால் இருந்த சீதேவிப்பிள்ளை அதற்காகவே காத்திருந்தவள் போல வந்து சேர்ந்தாள். ஒரே பார்வைதான்.

“உசாந்தி, இது விரியன் கா! போன கிழமை இந்த விறகுக்குள்ளதான் பாம்புச் செட்டை கிடந்திச்சு. நான் சொன்னனா இல்லியா?”

“மாமி, அம்புலன்சுக்கு எடுங்க! எனக்குக் கை ஓடுதில்ல!”

“எடுக்கிறன், எடுக்கிறன். அது வாகரையால வந்து சேர நேரமாகும். அதுமட்டும் சும்மா நிக்கிறயா? பரிகாரியார்ட்டத் தூக்கு!”

வல்லிபுரப் பரிகாரியார் விசகடி வைத்தியத்துக்குப் பேர்போனவர். ஆனால் இப்போது கடிபட்டவர்கள் எல்லாம் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். அதை அவரும் பிழையென்று சொல்வதில்லை. அவரிடம் கடைசியாக வந்தது ஒரு நாம்பன் கன்று, அதுவும் போன வருடம். கடிபட்டவரைப் பார்ப்பதற்கு முதல், செய்தி கொண்டு வருபவரைப் பார்த்து விசத்தைக் கணிப்பது அவருடைய முறை. முன்னால் ஓடி வந்த சீதேவிப்பிள்ளையைக் கையமர்த்தி நிறுத்தினார். அவள் மூச்சு வாங்க, அவிழ்ந்த கொண்டையைப் பிடித்தபடி நின்றாள்.

“இடங்கால் முன்னுக்கு. கை தலையில,” என்றார் பரிகாரியார். “கடி உடம்புக்கு மேல்பக்கம்.”

“மேல்பக்கம்தான் பரிகாரியார்! சொண்டில!”

கூடி வந்த சனத்துக்கு மேல் சிலிர்த்தது. உசாந்தி மகளைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் இருத்தினாள். பரிகாரியார் சொண்டைப் பார்த்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பயப்பிடாத மனே. கேக்கிறதுக்குத் தலையை மட்டும் ஆட்டு. என்ன கடிச்சது?”

தனுஷா உண்மையைச் சொல்ல விரும்பினாள். வாயைத் திறக்காமல் விரலால் தன் வாயையே காட்டினாள்.

“வாயில கடிச்சிரிக்கி, அது தெரியுது. ஊசி குத்தினாப்போல இரிந்திச்சா?”

தனுஷா உற்சாகமாகத் தலையாட்டினாள். கடைசியில் சரியான கேள்வி கேட்கிற ஒருவர்!

“முதல்ல குத்திச்சு. மறுகா விறைச்சிட்டு?”

ஓம், ஓம் என்று ஆட்டினாள்.

“நாக்கும் பாதி விறைச்சிரிக்கா?”

அதுவும் ஓம்.

பரிகாரியார் சனத்தைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடத்தில் இவ்வளவு தெளிவாக நோய்க்குறி சொன்ன நோயாளியை அவர் கண்டதில்லை. உசாந்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு இருப்பது இந்த ஒரு பிள்ளைதான்.

“கடைசியா ஒண்டு பாக்கணும்,” என்றார் அவர். “மிளகு கொண்டு வாங்க.”

விசம் ஏறியவருக்கு மிளகு உறைக்காது. இது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சோதனை. மூன்று மிளகைத் தனுஷாவின் வாயில் போட்டு, “மெல்லு மனே,” என்றார். தின்னாதே என்று அப்பா சொல்லியிருக்கிறார். மெல்லு என்று பெரிய மனிதர் சொல்கிறார். தனுஷா மிளகை விறைத்த பக்கக் கன்னத்துக்குள் தள்ளி ஒளித்துவிட்டு, தாடையை மட்டும் மேலும் கீழும் அசைத்தாள்.

“உறைக்குதா?”

இல்லை.

இன்னும் நாலு மிளகு போட்டார். அவையும் அதே கன்னத்துக்குப் போயின.

“இப்ப?”

இல்லை என்று தலையாட்டினாள். ஏழு மிளகும் உறைக்காத பிள்ளையைச் சுற்றி சனம் இன்னும் நெருங்கியது. சீதேவிப்பிள்ளை வாகரை அம்மனைக் கூப்பிட்டாள்.

பரிகாரியார் மருந்துப் பெட்டியை இழுத்துத் திறந்தார். நல்ல மனிதர் அவர். “அம்புலன்ஸ் வந்தா உடனே ஏத்துங்க. நான் மறிக்கமாட்டன். அதுமட்டும் விசம் ஏறாம இந்த வேரைக் கடிச்சுச் சாறை விழுங்கணும்,” என்று சொல்லி, விரல் மொத்த வேரொன்றை எடுத்தார். மரக்கட்டைதான் அது. “உசாந்தி, தாடையைப் பிடி. நல்லா இறுக்கிக் கடிக்கச் சொல்லு.”

உதயரூபன் பாலத்தடியில் நண்டு நிறுத்துக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வந்தது, உன்ட மகளைப் பாம்பு கடிச்சிட்டாம் என்று. நண்டுக்கூடையைப் போட்டது போட்டபடி மோட்டார் சைக்கிளை முறுக்கினான். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தான். அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. வளவுக்குள் புகுந்து சனத்தை விலக்கி மகளின் முகத்தைப் பார்த்தான். வீங்கிய சொண்டைக் கண்டதும் போன உயிர் வந்தது. உசாந்தியின் முகத்தைக் கண்டதும் வந்த உயிர் திரும்பவும் போயிற்று.

“கடிக்காத! கடிக்காத மகள்!” என்று கத்தினான்.

பிந்திவிட்டது. டக் என்று ஒரு சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தனுஷாவின் வாயிலிருந்து இரத்தம் வந்தது.

“என்னத்துக்குக் கடிக்கக் கூடாது?” என்று உசாந்தி அலறினாள். “புள்ளைக்கு விசம் ஏறிட்டு!”

“பாம்பில்ல புள்ள.”

“பின்ன?”

“பல்லு.”

“என்ன பல்லு?”

உதயரூபன் நிலத்தைப் பார்த்தான். “அடைச்ச பல்லு. காலையில கூட்டிட்டுப் போய் அடைச்சிட்டன். ஊசி போட்டதால விறைச்சிரிக்கி. சொண்டை அவளே கடிச்சிரிக்காள்.”

தனுஷா இவ்வளவு நேரமும் கட்டிக்காத்த வாயை மெல்லத் திறந்து, ஏழு மிளகையும் ஒவ்வொன்றாகப் பாயில் துப்பினாள்.

பரிகாரியார் அவற்றைக் குனிந்து பார்த்தார். ஒன்றுகூட உடையவில்லை. ஒன்றைக் கையில் எடுத்து உருட்டினார். “ஊசிமருந்தும் ஒரு விசந்தான்,” என்றார் நிமிர்ந்து. “குறியில பிழையில்ல.”

அந்த நேரத்தில்தான் அம்புலன்ஸ் வந்து மணலில் புதைந்தது. வெள்ளைச்சட்டைத் தம்பி ஒருவன் பெட்டியோடு குதித்து ஓடி வந்தான். “பேஷன்ட் யாரு?”

சீதேவிப்பிள்ளை உதயரூபனைக் காட்டினாள். “இப்போதைக்கு ஒண்டுமில்ல தம்பி. ஆனா கொஞ்சம் பொறுத்தா இவருக்குத் தேவைப்படும்.”

சனம் சிரித்தது. உசாந்தி சிரிக்கவில்லை. அவள் ஏசவும் இல்லை. அதுதான் உதயரூபனுக்குப் பயமாக இருந்தது.

“பல்லு உடைஞ்சிட்டா?” என்று கேட்டாள்.

“தெரியாது. அது போனாப் போனதுதானாம். அது பால்பல்லு இல்லியாம். இனி முளைக்காதாம்.”

“ஆர் சொன்னது?”

“மிஸ்.”

“முளைக்காதா?”

அவள் முகம் மாறியதை உதயரூபன் கண்டான். கோபம் என்றுதான் நினைத்தான். சேலைத் தலைப்பால் மகளின் வாயில் ஒற்றியபோது ஒரு துண்டுப் பல் கையோடு வந்தது. அதை முடிந்துகொண்டு, மகளை இடுப்பில் தூக்கினாள். “எடுங்க மோட்டார் சைக்கிளை. மிஸ் போறதுக்கு முதல் போகணும்.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஸில்மியா மிஸ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கதிரையை மட்டும் இன்னும் மடக்கவில்லை. தனுஷா தானாகவே போய் ஏறிப் படுத்து வாயைத் திறந்தாள். உசாந்தி உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

மிஸ் லைற்றைக் கட்டிக்கொண்டு பார்த்தார். “இதென்ன, வாயெல்லாம் மிளகு வாசம்?”

உதயரூபன் நடந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்ல மிஸ்ஸின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க இரண்டு தரம் கண்ணாடியைத் தூக்கிவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. “பக்கத்தில இருந்து பாத்துக்கங்க என்டு சொன்னனா இல்லியா, அண்ணன்?”

“சொன்னீங்க மிஸ்.”

“பல்லு உடைஞ்சிட்டா?” என்று வாசலில் இருந்து உசாந்தி கேட்டாள்.

“அடைச்சது அப்படியே இரிக்கி, தங்கச்சி. கெட்டிக்காரி இவ. அடைச்ச பக்கத்தால சப்பாதீங்க என்டதால வேரை முன்பல்லால கடிச்சிரிக்கா. ஆடிக்கிட்டு நிண்ட பல்லு ஒண்டு கழண்டிட்டு, அவ்வளவுதான். எங்க, அது இரிக்கா?”

உசாந்தி முடிச்சை அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். மிஸ் அந்தப் பல்லைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“இதுதான் பால்பல்லு. வேரில்ல பாருங்க. தானா விழும், அந்த இடத்தில வேற முளைக்கும். நான் அடைச்சது அப்படியில்ல. அதைப் பிடுங்கினா அந்த இடம் சும்மாதான் கிடக்கும்.”

“கொஞ்சம் சுணங்கி முளைக்காதா மிஸ்?”

“முளைக்காது.”

“பதினெட்டு வருசம் போனாலும்?”

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். உசாந்தி கன்னத்துக்குள் விரலை விட்டு இழுத்துக் காட்டினாள். கீழ்வரிசையில், மகளுக்கு அடைத்த அதே இடத்தில், பல் இல்லை.

“சண்டையில வாகரையால இடம்பெயர்ந்து முகாமில இரிக்கக்குள்ள, வலியில நான் கத்தினன் எண்டு பிடுங்கினாங்க. ஒராள் தலையை, ஒராள் காலை, ரெண்டு பேர் கையை. ஊசி போட்டாங்களோ என்னமோ, எனக்குத் தெரியாது. பால்பல்லுத்தானே, அழாத புள்ள, மறுகா முளைக்கும் எண்டு பிடுங்கின ஆள் சொன்னார். நான் ஒவ்வொரு நாளும் நாக்கால தடவிப் பாப்பன். கலியாணத்துக்கு முதலும் பாத்தன். இவள் வயித்தில இரிக்கக்குள்ளயும் பாத்தன். பெரிய பல்லாக்கும், சுணங்குது எண்டு நினைச்சன்.”

உதயரூபன் ஒன்பது வருடமாக அவளோடு ஒரே சட்டியில் நண்டு தின்கிறவன். அவள் வலப்பக்கத்தால் மட்டுமே மெல்லுவாள் என்பதும் தெரியும். ஏனென்று கேட்டதில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“மற்றப் பக்கத்திலயும் ஒண்டு சித்திரையில இருந்து வலிக்கி மிஸ்,” என்றாள் உசாந்தி. “அதாவது இரிக்குமா எண்டு பாருங்களன்.”

“தங்கச்சி, நான் பதின்மூண்டு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குத்தான் பாக்கிற. பெரியாக்கள் ஆஸ்பத்திரிக்குப் போகணும். துண்டு எழுதித் தாறன், நாளைக்கே போங்க.”

தனுஷா கதிரையிலிருந்து இறங்கினாள். அந்த இடத்தில் உசாந்தி ஏறி உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளைகளுக்கான கதிரை. முழங்கால் இரண்டும் நெஞ்சுவரை மடங்கின. கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பயப்பிடாதீங்க அம்மா,” என்றாள் தனுஷா, வீங்கிய சொண்டோடு குழறி. “ஒருக்காத்தான் குத்தும். மறுகா சொண்டைக் கடிச்சா நோகாது.”

“எனக்கு அப்ப பத்து வயசு மிஸ்,” என்றாள் உசாந்தி.

ஸில்மியா மிஸ் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தார். பிறகு கட்டி வைத்த பெட்டியைத் திறந்து, புதிதாக ஒரு சோடி கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டு, லைற்றைத் திரும்பவும் தலையில் மாட்டினார்.

“ஒருத்தரும் பிடிக்க மாட்டாங்க. பாக்க மட்டும்தான்,” என்றார். “வாயத் திறங்க, மகள்.”